கழக அறையில் சார்ஜில் கிடக்கும் பெட்டரி: கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் பொறுப்புண்டு

மழை விட்டு மைதானம் காயத் தொடங்கினால் போதும், நமது கடைகளுக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் "மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு" என்று தொடங்கி, மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள் அவை. நீண்ட காலமாகக் கடை நடத்தி வருபவன் என்ற வகையில், அக்கடிதங்களில் கேட்கப்படும் பொருட்கள் மாறி வந்திருப்பதை நான் கவனித்திருக்கிறேன். முன்னர் ஒரு கிண்ணம், பதினொரு ஜேர்சி, இரண்டு துடுப்பு மட்டை, ஒரு பெட்டி டெனிஸ் பந்து. இப்போது சார்ஜ் செய்து பாவிக்கும் ஒலிபெருக்கி, சார்ஜ் லைட், பவர் பேங்க், போட்டியை மேலிருந்து படம் பிடிக்கும் ட்ரோன், மைதானத்துப் புல்லை வெட்டும் பெட்டரி மெஷின்.

காலம் அப்படி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு வந்த பெற்றோல் வரிசைகளையும் மறக்க முடியாது. அந்த வருடத்தில்தான் சார்ஜ் லைட்டும் பவர் பேங்கும் மின்சார சைக்கிளும் நமது வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தன. வீட்டுக்குள் வந்தவை கழக அறைக்குள்ளும் வந்தன.

இப்பொருட்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது ஒன்றுதான். அது லித்தியம் அயன் பெட்டரி. நல்லதாக வாங்கி ஒழுங்காகப் பாவித்தால் பல வருடங்கள் உழைக்கும். கெட்டதாக வாங்கி, கண்டபடி சார்ஜ் செய்தால், நிமிடக் கணக்கில் ஓர் அறையை இல்லாமலாக்கிவிடும். இது இளைஞர்களுடைய விடயம், வியாபாரிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நமக்கு மூன்று வழிகளில் இதில் பங்கிருக்கிறது. பொருளை அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் நாம். அதே பொருளைக் கடையில் விற்பவர்களும் நாம். பல ஊர்களில் கழக அறை இருக்கும் கட்டடத்தின் உரிமையாளர்களும் நாம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

லித்தியம் அயன் பெட்டரியை முதன்முதலில் 1991இல் வியாபார ரீதியாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் சோனி நிறுவனம். அதற்கான அடித்தளத்தை இட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யொஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சிறிய இடத்தில், குறைந்த பாரத்தில், நிறையச் சக்தியைச் சேமித்து வைக்கலாம் என்பதே இதன் சிறப்பு. ஆபத்தும் அதிலிருந்தே வருகிறது.

ஒரு செல்லுக்குள் நேர், எதிர் என்று இரண்டு தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே மனித முடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தீப்பற்றக்கூடிய திரவம். அடிபட்டோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறியோ, தயாரிப்பிலேயே குறை இருந்தோ உள்ளே சூடு ஏறினால், சுமார் 130 பாகை செல்சியஸில் அந்தத் தாள் உருகத் தொடங்கும். இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் நேர்த் தகட்டின் இரசாயனப் பொருளே ஒட்சிசனை வெளிவிடும். அதன் பின்னர் அது தானாகவே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். ஒரு செல்லின் சூட்டில் பக்கத்துச் செல்லும், அதன் சூட்டில் அடுத்ததும் வெடித்துப் பற்றும்.

இங்கே வியாபாரிகள் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறோம்தானே?" ட்ரிப் சுவிட்ச் மின்கசிவிலிருந்து மனிதனைக் காப்பதற்கானது. அது அவசியம் இருக்க வேண்டும். ஆனால் பெட்டரிக்குள் தொடங்கும் நெருப்பை அது அறியாது. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் பெட்டரிக்குள் ஏற்கனவே ஏறியிருக்கும் சக்தி அப்படியே இருக்கும். வயரில் பிடிக்கும் தீக்கும் பெட்டரியில் பிடிக்கும் தீக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

கழக அறையில் ஏன் ஆபத்து அதிகம்?

நமது கடையில் ஒரு பொருள் சார்ஜில் இருந்தால் அதைப் பார்க்க ஒரு ஆள் இருப்பார். வீட்டில் என்றால் வீட்டுக்காரர் இருப்பார். கழக அறை எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமான இடத்தில் யாருக்கும் பொறுப்பில்லாத நிலை வருவது இயல்பு. ஒருவர் சார்ஜில் போடுவார். இன்னொருவர் கதவைப் பூட்டுவார். சார்ஜில் கிடப்பது மூன்றாமவருடையதாக இருக்கும்.

அறையின் அமைப்பும் உதவியாக இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு கதவு, ஒடுக்கமான ஒரு படிக்கட்டு. உள்ளே மேட்டிங், வலை, பஞ்சு வைத்த கால் காப்புகள், ஜேர்சி மூட்டைகள், பெனர்கள். மேலே தகரமோ ஷீற்றோ போட்ட கூரை. பகலில் அந்த அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு அதன் வெக்கை தெரியும். சாதாரண லித்தியம் செல்களை 45 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யக் கூடாது என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வெயிலில் கிடந்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, அந்தச் சூட்டோடு அந்த அறையில் சார்ஜில் போடுவதைத்தான் நாம் ஒவ்வொரு போட்டி நாளிலும் செய்கிறோம்.

எனக்கு நன்கு பழக்கமான புடவைக் கடைக்காரர் ஒருவரின் கட்டடத்தில் சில காலத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மேல்மாடி அறையை ஊர்க் கழகத்துக்கு வாடகையின்றிக் கொடுத்திருந்தார். ஓர் இரவு ஒலிபெருக்கி ஒன்று வேறு ஏதோ ஒரு சார்ஜரில் போடப்பட்டபடி இருந்திருக்கிறது. நள்ளிரவு தாண்டி, எதிரிலிருந்த பேக்கரியில் மா பிசைந்து கொண்டிருந்தவர்கள் ஜன்னலால் புகை வருவதைக் கண்டு ஓடி வந்தார்கள். மேட்டிங்கும் ஜேர்சிகளும் எரிந்தன. நெருப்பு கீழே இறங்கவில்லை, ஆனால் புகை இறங்கியது. போட்டிக்கு முந்திய இரவுகளில் அந்த அறையில் நாலைந்து பையன்கள் தூங்குவது வழக்கம். அன்று போட்டி இல்லாத வாரநாள் என்பதால் யாரும் இருக்கவில்லை.

அடுத்த நாள் நான் போயிருந்தபோது அவர் கடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "நானா, ஒரு உடுப்பும் எரியல்ல. ஆனா ஒன்றையும் விக்க ஏலாது" என்றார். பெருநாளைக்கு எடுத்து வைத்திருந்த சரக்கு முழுவதும் கரியும் நாற்றமும் பிடித்திருந்தது. பின்னர் படிக்கட்டைக் காட்டி, "அந்தப் பொடியன்மார் இருந்திருந்தா இதாலதான் இறங்கி வந்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். புகை வந்ததும் அந்தப் படிக்கட்டால்தான்.

சார்ஜர் மாறினால் என்னவாகும்?

"பின் சரியாகப் பொருந்துகிறது, ஆகவே சார்ஜரும் சரி" என்பது மிகவும் ஆபத்தான நம்பிக்கை. ஓர் உதாரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். மின்சார சைக்கிள்களில் 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் பெட்டரி இரண்டு விதமாக வரும். ஒன்று, பழைய முறையில் 12 வோல்ட் ஈய அமில பெட்டரிகள் நான்கு சேர்ந்தது. அதற்கான சார்ஜர் 58 அல்லது 59 வோல்ட் வரை கொடுக்கும். மற்றது, லித்தியம் செல்கள் 13 வரிசையாக இணைந்தது. ஒரு செல்லின் உச்ச அளவு 4.2 வோல்ட். 13 செல்லுக்கும் சேர்த்து 54.6 வோல்ட். அதற்கு மேல் ஏறக் கூடாது.

ஈய அமில சார்ஜரை லித்தியம் பெட்டரிக்குக் கொடுத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் நாலரை வோல்ட் அளவில் அழுத்தம் போகும். நல்ல பெட்டரியாக இருந்தால் உள்ளே இருக்கும் காவல் போட் அதைத் தடுத்து நிறுத்தும். விலையைக் குறைப்பதற்காக அந்த போட் இல்லாமல், அல்லது பெயருக்கு ஒன்றை வைத்து வரும் பெட்டரியில் தடுக்க எதுவுமில்லை. இரண்டு சார்ஜரிலும் 48 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ஒலிபெருக்கிகளிலும் இக்குழப்பம் உண்டு. சில்லு வைத்த பெரிய ஒலிபெருக்கிகள் பலவற்றில் இன்றும் 12 வோல்ட் ஈய அமில பெட்டரியே இருக்கிறது. சிறியவற்றிலும் புதியவற்றிலும் லித்தியம். பெட்டரி பழுதானதும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பூட்டிக் கொடுக்கும் ரிப்பெயார்காரர்கள் இருக்கிறார்கள். பெட்டரியை மாற்றினால் சார்ஜ் செய்யும் பகுதியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றியிருக்கிறாரா என்று கேட்பது நமது உரிமை.

இரண்டு 'அயன்'

நமது மொழியில் எழுதும்போது வரும் ஒரு சிக்கலையும் இங்கு குறிப்பிட வேண்டும். மின்னேற்றம் பெற்ற அணுவைக் குறிக்கும் சொல்லையும் அயன் என்கிறோம். இரும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் அயன் என்றுதான் உச்சரிக்கிறோம். 'லித்தியம் அயன்' என்பது பெரிய குடும்பத்தின் பெயர். 'லித்தியம் அயன் பொஸ்பேட்' என்று சொல்லப்படுவது அக்குடும்பத்தில் ஒரு வகை. அதிலுள்ள அயன் இரும்பு. இவ்வகை சூட்டை ஓரளவு கூடுதலாகத் தாங்கும், இலகுவில் தீப்பிடிக்காது. ஒரு செல் 3.2 வோல்ட் என்றிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். மற்றவை 3.6 அல்லது 3.7 என்றிருக்கும்.

கடைகளில் வாய்மொழியாக "இது அயன் பெட்டரி, பற்றாது" என்று சொல்லப்படும்போது எந்த அயன் என்று கேளுங்கள். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் விளக்குக்கோ இன்வெர்ட்டருக்கோ வாங்கும்போது, கொஞ்சம் பாரம் கூடினாலும் இரும்பு பொஸ்பேட் வகையே நல்ல தெரிவு. ஆனால் அதுவும் கெட்டுப்போனால் எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். 'பற்றவே பற்றாது' என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விரலை விடச் சற்றுப் பருத்த உருளை செல்லை 18650 என்பார்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். இந்த அளவில் பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் செய்யும் மிகச் சிறந்த செல்கள் கூட 3500 தொடக்கம் 4000 மில்லி அம்பியர் மணி அளவில்தான் நிற்கின்றன. சந்தையில் அதே அளவு செல்லில் 9900 என்று அச்சிட்டு வருகிறது. அது பொய் என்பதை அறிய எந்த இயந்திரமும் தேவையில்லை. உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும். பொய்யானது பெரும்பாலும் அதை விடப் பாரம் குறைவு. நகைக் கடைத் தராசில் வைத்தால் இரண்டு நிமிட வேலை. வெளியில் எழுதியிருப்பதில் பொய் சொல்பவன் உள்ளே வைப்பதில் உண்மையாக இருப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா?

குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் போய்ச் சரக்கெடுக்கும் சகோதரர்கள் இரண்டு தாள்களைக் கேட்டுப் பழக வேண்டும். ஒன்று, ஐக்கிய நாடுகள் சபையின் போக்குவரத்துச் சோதனையான 38.3 அறிக்கை. மற்றது, கையில் எடுத்துச் செல்லும் பெட்டரிகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 62133 இலக்கத் தரச் சான்று. தாளில் உள்ள மொடல் இலக்கமும் பொருளில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறொரு பொருளின் தாளைக் காட்டுவது அங்கு புதிய விடயமல்ல.

சீனாவே இதில் இறுக்கம் காட்டத் தொடங்கிவிட்டது. 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் கட்டாயச் சான்றான மூன்று 'சீ' அடையாளம் தெளிவாக இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. அங்கு விமானத்தில் ஏற்ற முடியாத பொருள் கொன்டேனரில் ஏறி வேறு நாடுகளின் சந்தைகளைத் தேடும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விமானத் துறை இப்பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம், பெருந்தொகை லித்தியம் பெட்டரிகள் இருந்த சரக்கில் ஏற்பட்ட தீயால் வீழ்ந்து, இரண்டு விமானிகளும் உயிரிழந்தனர். 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பெட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. சார்ஜ் குறைவாக இருந்தால் விபத்தின் வேகமும் குறைவு என்பதே காரணம். பருவம் முடிந்து பூட்டி வைக்கும் கழக ஒலிபெருக்கிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பில் ஒரு பாதுகாப்புக் கருவி

நல்ல கம்பனியின் பொருளிலும் தவறு வரும். 2016இல் செம்சுங் நிறுவனத்தின் கெலக்ஸி நோட் 7 தொலைபேசிகள் தீப்பிடித்து, அந்த மொடலையே அந்நிறுவனம் உலகம் முழுவதிலுமிருந்து மீளப் பெற்றது. பெட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்ததாக 2017 ஜனவரியில் அறிவித்தது. அங்கர் நிறுவனம் 2025 ஜூனில் அமெரிக்காவில் மட்டும் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளை மீள அழைத்தது.

இதிலிருந்து "எல்லாம் ஒன்றுதான், மலிவானதையே வாங்குவோம்" என்ற முடிவுக்கு வருவது தவறு. அந்தக் கம்பனிகளால் திருப்பி அழைக்க முடிந்ததற்குக் காரணம், பொருளில் இலக்கம் இருந்தது, எங்கே விற்றோம் என்ற பதிவு இருந்தது, பொறுப்பேற்க ஒரு பெயர் இருந்தது. பெயரில்லாத பெட்டியில் வந்த பொருளில் குறை இருந்தால் அதைத் திருப்பி அழைக்க உலகில் ஆளே இல்லை. அந்த வகையில் நாம் எழுதிக் கொடுக்கும் பில்லும் ஒரு பாதுகாப்புக் கருவிதான். கழகத்துக்கு விற்கும் பொருளுக்கு மொடலும் திகதியும் எழுதிப் பில் கொடுப்போம். பில் கொடுக்க விரும்பாத இடத்திலிருந்து பெட்டரி வாங்காதிருப்போம்.

நியூயோர்க் நகரின் அனுபவம் வியாபாரிகளுக்கு நேரடியான பாடம். அந்நகரத் தீயணைப்புத் திணைக்களத்தின் கணக்கின்படி 2023இல் மாத்திரம் லித்தியம் அயன் பெட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 மரணங்கள். அவ்வருடம் ஜூன் 20ஆம் திகதி சைனாடவுன் பகுதியில் மின்சார சைக்கிள் கடையொன்றில் பிடித்த தீயால் மேல்மாடி வீடுகளில் இருந்த நான்கு பேர் இறந்தார்கள். கீழே கடை, மேலே மனிதர்கள். நமது பிரதான வீதிகளின் அமைப்பும் இதுதானே?

2023 செப்டெம்பர் 16 முதல் அந்நகரில், அங்கீகரிக்கப்பட்ட சோதனைச் சான்று இல்லாத மின்சார சைக்கிளையும் பெட்டரியையும் விற்பதற்கும் வாடகைக்குக் கொடுப்பதற்கும் சட்டத்தில் தடை வந்தது. பாவித்த செல்களைப் பிரித்தெடுத்துப் புதிய பெட்டரியாகக் கட்டி விற்பதும் தடுக்கப்பட்டது. அடுத்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும் மரணங்கள் 6 ஆகக் குறைந்தன. சட்டத்தோடு மக்களுக்கு விளக்கமும் பரிசோதனையும் சேர்ந்தே இதைச் சாதித்தன. சட்டம் வரும்வரை காத்திருந்துதான் நாமும் திருந்த வேண்டும் என்றில்லை.

கழகங்கள் செய்ய வேண்டியவை

பின்வருவன எல்லாம் ஒரு கழகத்தால் பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை.

1. பெட்டரிகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். ஒரு கொப்பியில் பொருளின் பெயர், வாங்கிய திகதி, எந்தச் சார்ஜர் என்பவற்றை எழுதட்டும். பெட்டரியிலும் அதன் சார்ஜரிலும் ஒரே நிற டேப் ஒட்டினால் மாறவே மாறாது.

2. அறையில் விழித்திருக்கும் ஆள் இருக்கும்போது மாத்திரம் சார்ஜ் செய்யுங்கள். அறையைப் பூட்டும்போது எல்லாப் பிளக்கும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இரவு முழுக்க சார்ஜ் என்பது வேண்டாம்.

3. சார்ஜ் செய்யும் இடம் சீமெந்து அல்லது டைல் நிலமாக இருக்கட்டும். மேட்டிங், வலை, துணி அருகில் இருக்கக் கூடாது. கதவருகிலும் படிக்கட்டின் கீழும் கூடவே கூடாது. தீ வந்தால் நாம் ஓட வேண்டிய வழி அது.

4. ஒரு சுவர்ப் பிளக்கில் ஒரு சார்ஜர். மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக் மாட்டும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

5. விளையாட்டு முடிந்ததும் பொருளை நிழலில் ஆறவிட்டு, கைக்குச் சூடு தெரியாதபோது சார்ஜில் போடுங்கள். பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

6. பருவம் முடிந்தால் பாதியளவு சார்ஜோடு எடுத்து வையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

7. உறுப்பினர்களின் மின்சார சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் அறைக்குள் ஏற்ற வேண்டாம். அவற்றின் பெட்டரி ஒன்றில் பவர் பேங்க் இருபத்தைந்துக்குச் சமமான சக்தி இருக்கலாம். 48 வோல்ட், 20 அம்பியர் மணி என்றால் 960 வட் மணி. 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பேங்க் வெறும் 37 வட் மணி.

8. ஊதியிருத்தல், புதுவிதமான வாசனை, வழமைக்கு மாறான சூடு, கசிவு, சீறும் சத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பெட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. பலமாகக் கீழே விழுந்ததையும் அப்படியே கருதுங்கள். ஆறியிருந்தால் கட்டடத்துக்கு வெளியே, எரியும் பொருள் எதுவுமில்லாத திறந்த இடத்தில் வையுங்கள்.

9. சார்ஜ் செய்யும் அறையில் யாரும் தூங்கக் கூடாது. பெட்டரியில் இயங்கும் சிறிய புகை அலாரம் ஒன்றைக் கூரையில் மாட்டுங்கள்.

தீப்பிடித்தால்

வெள்ளையாகப் புகை கிளம்பினால் அதை நீராவி என்று நினைக்காதீர்கள். அது எரியக்கூடிய வாயு. அதில் ஐதரசன் புளோரைட் போன்ற நச்சு வாயுக்களும் இருக்கும். புகை விடும் பெட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்காதீர்கள். முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். வரும்போது கதவை இழுத்து மூடுங்கள். வெளியிலிருந்து நிறுத்த முடியுமானால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தீயணைப்புப் படைக்கு 110 இலக்கத்தில் அறிவியுங்கள். தீயணைப்புச் சேவை உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்குவதால், உங்கள் பகுதிக்குரிய நேரடி இலக்கத்தையும் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பெட்டரித் தீ என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்கேற்ப ஆயத்தமாக வருவார்கள்.

தூள் அடிக்கும் சிவப்பு சிலிண்டர் சுற்றியிருக்கும் பொருட்களில் பற்றிய தீயை அடக்கும். ஆனால் செல்லின் உள்சூட்டை அது ஆற்றாது. அணைந்த பெட்டரி மீண்டும் பற்றும். சூட்டை ஆற்றுவது நிறையத் தண்ணீர்தான். தொலைபேசி, பவர் பேங்க் அளவுள்ளதென்றால், மின் இணைப்பு நிறுத்தப்பட்டபின் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அதற்கு மேற்பட்டதை நாம் அணைக்கப் போகக் கூடாது. மட்டையும் ஜேர்சியும் மீண்டும் வாங்கலாம்.

வெள்ளத்தில் நனைந்தவை, கழிக்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் வந்த வெள்ளம் எத்தனையோ கடைகளின் சரக்கை மூழ்கடித்தது. நனைந்த சரக்கைக் கழுவிக் காயவைத்து விலை குறைத்து விற்பது வியாபாரத்தில் உள்ளதுதான். ஆனால் லித்தியம் பெட்டரி உள்ள பொருளுக்கு இது பொருந்தாது. உள்ளே புகுந்த ஈரமும் உப்பும் நாட்கள், வாரங்கள் கழித்தும் வேலையைக் காட்டும். 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பிறகு, கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பின்னர் தாமாகத் தீப்பற்றின. நனைந்த பெட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள், விற்காதீர்கள், கழகத்துக்கு இலவசமாகவும் கொடுக்காதீர்கள்.

பழுதானவற்றைக் குப்பையோடு சேர்த்து வீசுவதும், பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதும் ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுவதாகும். முனைகளை டேப்பால் ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒரு மணல் வாளியை வைத்து வாங்கிச் சேர்த்தால் அது ஊருக்குச் செய்யும் உதவியாகவும் இருக்கும்.

கட்டட உரிமையாளர்களுக்கு

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். கட்டடம் எதற்குப் பாவிக்கப்படுகிறது என்று அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? மேல்மாடியில் கழகம் இயங்குவதும் அங்கு பெட்டரிகள் சார்ஜ் செய்யப்படுவதும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியுமா? காப்புறுதியில் முக்கியமான விடயத்தை மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே கேள்வியாக வரும். புகையால் சரக்குக்கு ஏற்படும் சேதம் அடங்குகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழகத்தோடு வாய்மொழியாக இருப்பதை ஒரு பக்கத் தாளில் எழுதி, சார்ஜ் செய்வது பற்றிய இரண்டு வரியையும் சேர்த்து, தலைவரும் செயலாளரும் கையொப்பமிடட்டும். அதனால் உறவு கெட்டுவிடாது. நல்ல கணக்கு நல்ல நட்பைக் காக்கும்.

அனுசரணை கொடுக்கும்போதும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணாமல், தாளும் பில்லும் உள்ள பொருளையே கொடுப்போம். ஒலிபெருக்கியோடு புகை அலாரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கும் நமது கடைப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

வேறொன்றும் வேண்டாம். இந்த வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு கழகச் செயலாளரையும் அழைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போங்கள். அங்கிருக்கும் பெட்டரிப் பொருட்களை எண்ணுங்கள். பின்னர் சார்ஜர்களை எண்ணுங்கள். எந்தச் சார்ஜர் எதற்குரியது என்று செயலாளரால் சொல்ல முடியாவிட்டால், வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.